சராசரியின் பெயரால்

ஒரு நாட்டின் தலா வருமானம் உயர்ந்தால் உலகின் புதுமைகள் அங்கே தாமாகவே வந்து சேரும் என்பது நமது இலக்கியக் கூட்டங்களில்கூட இப்போது வேதவாக்காகிவிட்டது. முஸ்லிம் நாடுகளின் பின்னடைவைப் பேச வருபவரும் இதையே சொல்கிறார். மலையகத்தின் பின்னடைவைப் பேச வருபவரும் இதையே சொல்கிறார். முழுப் பொய் என்று நான் கூறமாட்டேன். புதிய கருவிக்கு விலை உண்டு, காசுள்ளவன் முதலில் வாங்குவான். ஆனால் பூனாகலைப் பக்கம் போய்ப் பார்த்தால் இந்த விதி முதல் வளைவிலேயே தடம் புரள்கிறது.

தேயிலை இந்த மலைகளில் காலூன்றிய காலத்தில் இலங்கை ஓர் ஏழைக் குடியேற்ற நாடு. இருந்தும் கொழுந்தை உருட்டும் இயந்திரம் 1880இல் இங்கேயே செய்யப்பட்டது. பெல்பாஸ்ட் நகரத்து சாமுவேல் டேவிட்சனின் 'சிரொக்கோ' உலர்த்தி தோட்டத்து ஸ்டோர்களுக்கு வந்து சேரவும் நெடுங்காலம் பிடிக்கவில்லை. ரயில் 1894இல் பண்டாரவளைக்கு வந்துவிட்டது. நாட்டின் வருமானத்தை யாரும் கேட்கவில்லை. லண்டன் ஏலத்தில் தூளின் விலை என்ன என்று மட்டும் கேட்டார்கள்.

ஸ்டோருக்கு வெளியே, மலையில் என்ன நடந்தது? பிரட்டுக் களத்தில் பெயர் பதிந்து, முதுகில் கூடையைத் தொங்கவிட்டு, இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கையால் கிள்ளும் வேலை நூற்றைம்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. சரிவான மலையில் இயந்திரம் ஓடாது என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் அதே சரிவில் கம்பிவடம் கட்டிக் கொழுந்து மூட்டையை ஸ்டோருக்கு இறக்கும் வித்தையை வெள்ளைக்காரத் துரைமார் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தார்கள்! மூட்டை சுமக்க நேரமாகும், நேரமானால் கொழுந்து வாடிக் கெடும், கெட்டால் நட்டம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் முதுகு வளைந்தால் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நட்டம் எழுதப்படுவதில்லை.

ஜப்பானில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கொழுந்து வெட்டக் கத்தரி வந்தது. 1960களில் மோட்டார் இயந்திரம் வந்தது. அது பணக்கார நாடு என்று நமது நண்பர்கள் உடனே சொல்வார்கள். அப்படியானால் கென்யாவுக்கு என்ன பதில்? அதன் தலா வருமானம் இலங்கையினதைவிடக் குறைவு. ஆனால் அங்குள்ள பெரிய கம்பனிகள் 2000களிலேயே கொழுந்து பறிக்கும் இயந்திரங்களை இறக்கத் தொடங்கிவிட்டன. 2023 மே மாதத்தில் கெரிச்சோவில் வேலையிழப்பை எதிர்த்து அந்த இயந்திரங்கள் தீயிடப்பட்டதையும் நாம் செய்திகளில் வாசித்தோம். இயந்திரம் வரவேண்டும் என்று வாதாட நான் இதை எழுதவில்லை. ஏழை நாட்டுக்கு முந்தி வந்தது, அதைவிட வசதியான நாட்டுக்குப் பிந்துகிறது என்றால், தீர்மானிப்பது தேசத்தின் சராசரி அல்ல. அந்த வேலையைச் செய்பவரின் கூலி முதலாளிக்கு உறைக்கிறதா இல்லையா என்பதுதான்.

புதுமைகளின் பரவல் பற்றி 1962இல் நூல் எழுதிய எவரெட் ரோஜர்ஸ் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து விவசாயிகளிடமிருந்து பாடம் படித்தவர். அந்தச் சோளக் கமக்காரனுக்கு நிலம் சொந்தம். புதிய விதையை வாங்குபவனும் அவன், விதைப்பவனும் அவன், இலாபம் காண்பவனும் அவன். தோட்டத்திலோ தீர்மானிப்பவர் ஒருவர், முதுகு வளைப்பவர் இன்னொருவர். அயோவாவின் சூத்திரத்தைப் பூனாகலைக்குப் பொருத்த முனைபவர் இந்த ஒன்றையாவது கவனித்திருக்க வேண்டாமா?

தீர்மானம் பயன்படுத்துபவரின் கையில் இருந்தால் ஏழ்மை அவ்வளவு பெரிய தடையாக இருப்பதில்லை. அறிஞர் சித்திலெவ்வை 1882இல் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' வெளியிட்டபோது நமது சமூகத்தின் சராசரி வருமானத்தை எண்ணிப் பார்த்துவிட்டா அச்சுக் கோத்தார்? கையடக்கத் தொலைபேசி இலங்கைக்கு 1989இல், தெற்காசியாவிலேயே முதலாவதாக வந்தது. அன்று அது கொழும்புப் பணக்காரரின் ஆடம்பரம். சிறு தொகைக்கு ரீலோட் போடலாம் என்றானதும் லயன் காம்பிராக்களுக்கும் அது வந்துவிட்டது. பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதை வாங்கத் துரையின் அனுமதி தேவைப்படவில்லை.

வீட்டுக்கும் நிலத்துக்கும் அனுமதி தேவை. மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் கலை, ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் உதவியுடன், 1990களின் தொடக்கத்திலேயே பதுளை, நுவரெலியா மாவட்டங்களுக்கு வந்துவிட்டது. பிந்தவில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தைக்கு 2005இலும் 2011இலும் அபாய எச்சரிக்கை கொடுக்கப்பட்டதாக அந்நாட்களில் செய்திகள் கூறின. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கி லயன்களை மூடியது. 'எழும்பிப் போங்கள்' என்று சொல்லும் விஞ்ஞானம் வந்தது. எங்கே போவது என்பதற்கு ஒரு பேர்ச்சஸ் காணி வரவில்லை. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவரிடம் உறுதிப்பத்திரம் கிடையாது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்து லயன்கள் சேதமாயின. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மறுபடியும் மண்ணுக்குள் புதைந்தவர்களைத் தேடியது.

தேசிய வருமானம் ஒன்றுமே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. அது கதவடைக்கும். சலுகைக் கடன் தரும் உலக வங்கியின் கிளை, இலங்கை தேறிவிட்டதென்று 2017இல் கையை விட்டது. நாடு வங்குரோத்தான பின், 2022 டிசம்பரில்தான் மீண்டும் சேர்த்துக்கொண்டது. இடையில் 2019 ஜூலையில் தலா வருமானம் 4,060 டொலர் என்று கணக்கிட்டு, நம்மை மேல் நடுத்தர வருமான நாடு என உயர்த்தினார்கள். மறு ஆண்டே கீழே இறக்கியது வேறு கதை. உயர்த்திய அதே ஆண்டின் ஜனவரியில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். அன்றைய மாற்று வீதத்தில் நான்கு டொலர்கூட இல்லை. அந்தச் சராசரிக்குள் அவளையும் சேர்த்துத்தான் வகுத்தார்கள். தொழிலாளியின் கூலி பற்றிய நபிமொழியை மேடைதோறும் எடுத்தோதும் நமது நண்பர்கள், அடுத்த கூட்டத்தில் தலா வருமானத்தைப் பற்றிப் பேச எழும்போது இந்த இரண்டு தொகைகளையும் சேர்த்தே வாசிக்கட்டும்.