ஓவியத்துக்குப் பதிலாக வீடியோவா? ஏமி ஷெரால்ட் கண்காட்சி ரத்தான கதை சொல்வது என்ன?

அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி நடந்தால், கூடவே சில நிகழ்ச்சிகளும் இருக்கும். கலைஞருடன் உரையாடல், குழந்தைகளுக்கான பட்டறை, விளக்க வீடியோ... பெரும்பாலும் இதையெல்லாம் யாரும் செய்தியாக நினைப்பதில்லை. ஆனால், 2025 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு பெரிய கண்காட்சியே ரத்தானதன் மையத்தில் இருந்தது இப்படியொரு 'துணை' விஷயம்தான்.

என்ன நடந்தது?

ஏமி ஷெரால்ட், மிஷெல் ஒபாமாவின் அதிகாரபூர்வ ஓவியத்தை வரைந்தவர். கறுப்பின மக்களைத்தான் வரைவார். ஆனால், அவர்களின் தோலுக்குச் சாம்பல் நிறம்தான் கொடுப்பார். 'அமெரிக்கன் சப்லைம்' என்ற அவருடைய கண்காட்சி சான் பிரான்சிஸ்கோவிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் நடந்து முடிந்தது. அடுத்து, 2025 செப்டம்பரில் வாஷிங்டனில் உள்ள நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிக்கு வரவிருந்தது. இது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஒரு பகுதி, பெருமளவு அரசுப் பணத்தில் இயங்குவது.

சிக்கல் ஒரே ஓவியத்தால் வந்தது. சுதந்திர தேவி சிலையைப் போல நிற்கும் ஒரு கறுப்பினத் திருநங்கையின் ஓவியம் அது. அதை அகற்றிவிட்டு, அந்த ஓவியத்தைப் பற்றி மக்கள் பேசும் வீடியோ ஒன்றை வைக்கலாம் என்று பேசப்பட்டதாக ஷெரால்ட் சொன்னார். ஸ்மித்சோனியன் மறுத்தது; ஓவியத்தை அகற்றச் சொல்லவில்லை, வீடியோவும் கூடவே இருக்கட்டும் என்றுதான் சொன்னோம் என்றது. ஷெரால்ட் ஏற்கவில்லை. மொத்தக் கண்காட்சியையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சரி, ஒரு வீடியோ வைப்பதில் என்ன தப்பு?

வீடியோவில் தப்பில்லை. அதைக் கேட்டது யார், எதற்காகக் கேட்டார்கள் என்பதுதான் விஷயம். 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப், ஸ்மித்சோனியனில் 'பிளவை உண்டாக்கும்' கருத்துகளை நீக்க வேண்டும் என்று ஆணை போட்டிருந்தார். அந்த அழுத்தத்துக்கு நடுவில் வந்த யோசனை இது. திருநங்கைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமா, கூடாதா என்பதையே ஒரு விவாதமாக்கிவிடும் என்பதுதான் ஷெரால்டின் எதிர்ப்பு. ஓவியம் தன் போக்கில் சொன்னதை, 'இரு தரப்பும் பேசட்டும்' என்ற மேடையில் கொண்டுபோய் நிறுத்துவது. உரையாடல் என்ற சொல்லே இங்கே ஒரு கேடயமாகிவிட்டது!

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு.

நியூயார்க், 2016

நியூ மியூசியத்தில் சிமோன் லீ என்ற கறுப்பினச் சிற்பி 'தி வெயிட்டிங் ரூம்' என்றொரு கண்காட்சி வைத்தார். அதன் பின்னணி கொடுமையானது. 2008-ல், புரூக்ளினில் உள்ள கிங்ஸ் கவுன்ட்டி மருத்துவமனையில், ஜமைக்காவிலிருந்து வந்த 49 வயதுப் பெண் ஒருவர் மனநல அவசரப் பிரிவில் ஏறக்குறைய 24 மணி நேரம் காத்திருந்தார். கடைசியில் தரையில் விழுந்தார். ஊழியர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். சுமார் ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தவர் இறந்துபோனார். எல்லாம் சிசிடிவியில் பதிவானது.

காத்திரு என்றார்கள், காத்திருந்தார். சொன்னதைக் கேட்டு நடப்பதே கறுப்பினப் பெண்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்பதுதான் லீயின் வாதம். அதை அவர் சுவரில் மாட்டவில்லை, அருங்காட்சியகத்தின் உள்ளேயே சிகிச்சைக்கு இடம் ஒதுக்கினார். அக்குபங்சர், தியானம், மூலிகை வகுப்பு, இளம்பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி. இங்கே நிகழ்ச்சிகள் துணையல்ல, அவைதான் கலைப்படைப்பே.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, பலருக்கு உறுத்தலாக இருக்கக்கூடிய ஒன்று. அருங்காட்சியகம் மூடிய பிறகு, பார்வையாளர்கள் இல்லாமல் சில இலவச வகுப்புகள் நடந்தன. பொது அருங்காட்சியகத்தில் மூடிய கதவா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் பிளாக் பாந்தர் கட்சியின் இலவச மருத்துவ முகாம்களும், 'யுனைடெட் ஆர்டர் ஆஃப் டென்ட்ஸ்' என்ற கறுப்பினச் செவிலியர்களின் ரகசிய அமைப்பும் செய்த சேவை பெரும்பாலும் வெளியுலகின் கண்ணில் படாமலேயே நடந்தது. லீ அதைத்தான் நினைவூட்டினார். சிகிச்சைக்கு வருபவரை இன்னொருவர் டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்க வேண்டியதில்லையே.

அதே ஜூலையில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஆல்டன் ஸ்டெர்லிங், ஃபிலாண்டோ காஸ்டில் அடுத்தடுத்த நாட்களில் கொல்லப்பட்டார்கள். லீயின் அழைப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினப் பெண் கலைஞர்கள் கூடினார்கள். செப்டம்பர் 1 அன்று அந்தக் குழு அருங்காட்சியகத்திலேயே பொதுநிகழ்ச்சி நடத்தியது. நிர்வாகம் போட்ட அட்டவணையில் முதலில் இல்லாத நிகழ்ச்சி அது.

குறையே இல்லையா என்றால், இருக்கு. ஜூன் 22-ல் தொடங்கியது செப்டம்பர் 18-ல் முடிந்துவிட்டது. மூன்று மாதம்கூட இல்லை. கிளினிக் தேவைப்பட்டவர்களுக்கு அதன் தேவை அந்தத் தேதியோடு முடிந்திருக்காது.

இப்போது நிலைமை என்ன?

ஷெரால்டின் கண்காட்சி 2025 நவம்பரில் பால்டிமோர் கலை அருங்காட்சியகத்தில் திறக்கப்பட்டது, அந்தத் திருநங்கை ஓவியத்தோடு. அவர் ஓவியம் படித்த ஊர் அது.

வாஷிங்டனில் கதை வேறு. 2025 ஆகஸ்ட்டில் வெள்ளை மாளிகை, ஸ்மித்சோனியனின் எட்டு அருங்காட்சியகங்களை ஆய்வு செய்யப்போவதாகக் கடிதம் எழுதியது. அதில் கேட்கப்பட்ட பட்டியலில் ஓவியங்கள், பொருட்கள் மட்டும் இல்லை. சுவரில் ஒட்டும் விளக்க வாசகம், இணையதளம், சமூக ஊடகப் பதிவு, மாணவர்களுக்கான கல்விப் பாடங்கள் என 'துணை' விஷயங்கள் எல்லாமே இருக்கின்றன.