தாதியருக்கு இன்னொரு வாசல்

நீரிழிவு பற்றி வைத்தியசாலையில் விளக்கும்போது எங்கள் அம்மாமார் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். மொழிபெயர்க்கக் கூடப்போன பேரப்பிள்ளைக்கோ பாதித் தமிழ்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் இன்சுலினை நாளாந்தம் ஒரே இடத்தில் ஏற்றுவார்கள். அந்த இடம் தடித்துவிடும். மருந்து சீராக உடலில் சேராது. இடம் மாற்றி ஏற்ற வேண்டும் என்பதை அவர்களுக்கு விளங்கும்படி எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இதைச் சொல்லிக்கொடுப்பதே ஒரு தனித் தொழில் என்பது எம்மவர் பலருக்குத் தெரியாது. இங்கு கனடாவில், பதிவுபெற்ற தாதி ஒருவர் 3 ஆண்டுகளுக்குள் 800 மணிநேரம் நீரிழிவுக் கல்விப் பணியாற்றி, பரீட்சையிலும் சித்தியடைந்தால், சான்றிதழ் பெற்ற நீரிழிவுக் கல்வியாளர் ஆகலாம். 5 ஆண்டுகளுக்கொருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். நீரிழிவுக் கல்வி நிலையங்கள், சமூக சுகாதார நிலையங்கள், வைத்தியசாலைகள் எனப் பல இடங்களில் இவர்கள் பணியாற்றுகிறார்கள்.

ஆகவே, தாதியம் படிக்கும் பிள்ளையைப் பார்த்து "ஏன் டொக்டருக்குப் படிக்கவில்லை?" என்று கேட்பதை நாம் நிறுத்துவோம். ஒரு நேரத்துக்கு எவ்வளவு பிட்டு அளவானது என்று அம்மாவுக்குத் தமிழில் சொல்லத் தெரிந்த தாதி, வெறும் மருந்துச்சீட்டால் முடியாததைச் செய்வார். இந்தத் தொழிலில் தமிழும் ஒரு தகைமைதான். அதைப் பல்கலைக்கழகம் கொடுக்காது. வீட்டில் நாம்தான் கொடுக்க வேண்டும்.