மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது!

பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் முதன்மைச் செயல் அலுவலர் அவர். உறுப்பினர்களின் மக்காச்சோளம் களத்தில் காய்ந்து, மூட்டை பிடிக்கத் தயாராக இருந்த நேரம். நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவன ஆலை ஒன்று, ஈரப்பதம், இருப்பு, விலை மூன்றையும் மாலை 5 மணிக்குள் மெயிலில் அனுப்பச் சொல்லியிருக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. அலுவலகச் சாவி வேறொருவரிடம் இருந்ததால், நிறுவனத்தின் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் ஆலைக்குப் போன் செய்தால், “உங்க விலைப்புள்ளி வரவே இல்லீங்களே, வேற இடத்துல பேசி முடிச்சிட்டோம்” என்று பதில் வந்திருக்கிறது. லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் மெயில் ‘அவுட்பாக்ஸ்’ என்ற இடத்திலேயே கிடக்கிறது. இத்தனைக்கும் அதே வீட்டு இணைப்பில் யூடியூப் ஓடுகிறது, வங்கியிலிருந்து வரும் மெயில்களும் தடையில்லாமல் வருகின்றன. லேப்டாப்பை அலுவலகத்துக்கு எடுத்துப் போய்த் திறந்ததும், கிடந்த மெயில் தானாகவே போய்விட்டது. இணைப்புக் கொடுத்தவர் “லைன் சரியாத்தான் சார் இருக்கு” என்கிறார். பழுது பார்ப்பவர் “லேப்டாப்புல ஒண்ணும் இல்லீங்க” என்கிறார். ‘யார் சொல்வதை நம்புவது?’ என்பது வாசகரின் கேள்வி.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். லைனும் நன்றாக இருக்கிறது, லேப்டாப்பும் நன்றாக இருக்கிறது. மூடியிருப்பது இடையில் உள்ள ஒரு மடை மட்டும்.

ஏரிக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் வேறு, வயலுக்குத் தண்ணீர் போகிற மடை வேறு. மெயிலும் அப்படித்தான். நமக்கு வரும் மெயில் ஒரு வழியாக வருகிறது, நாம் அனுப்பும் மெயில் இன்னொரு வழியாகப் போகிறது. இந்த வழிகளுக்கு ‘போர்ட்’ என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. கணினியில் உள்ள அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற மெயில் மென்பொருள்கள், வரும் மெயிலை பெரும்பாலும் 993 அல்லது 995-ம் எண் போர்ட் வழியாக எடுத்துக்கொள்கின்றன. அனுப்புவதற்கு 25, 465, 587 ஆகிய மூன்றில் ஒன்று. அதனால் வருவது தடையில்லாமல் வந்துகொண்டே இருக்கும்போது, போவது மட்டும் அடியோடு நின்றுபோக முடியும்.

இதில் 25 என்பது பழைய மடை. மெயில் அனுப்பும் முறையான எஸ்.எம்.டி.பி. 1982-ல் வகுக்கப்பட்ட காலத்திலிருந்து அது இருக்கிறது. அப்போது கணினிகள் குறைவு. பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான் வைத்திருந்தன. அனுப்புபவர் யார், பாஸ்வேர்டு என்ன என்று அந்த மடையில் யாரும் கேட்கவில்லை. பிறகு வீட்டுக்கு வீடு கணினி வந்தது, கூடவே வைரஸும் வந்தது. வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகள், உரிமையாளருக்கே தெரியாமல், இந்த 25-ம் மடை வழியாக ஆயிரக்கணக்கில் குப்பை மெயில்களை அனுப்பித் தள்ளின. இதைத் தடுக்க, உலகம் முழுக்கப் பல இணையச் சேவை நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் அந்த மடையைப் பூட்டிவிட்டன. இங்கும் அப்படிப் பூட்டிய இணைப்புகள் உண்டு. நிறுவனங்களுக்கென்று கொடுக்கும், முகவரி மாறாத இணைப்புகளில் பெரும்பாலும் பூட்டுவதில்லை. ஆலத்தூர் வாசகரின் மெயில் அலுவலகத்தில் போய், வீட்டில் போகாததற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பூட்டியவர்கள் மாற்று வழி இல்லாமல் பூட்டவில்லை. பயன்படுத்துபவர் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் காட்டி மெயிலை ஒப்படைப்பதற்கென்றே 587-ம் எண், 1998 டிசம்பரில் ஒதுக்கப்பட்டது. தொடக்கத்திலிருந்தே பூட்டிய உறைபோலப் போகும் 465-ம் எண்ணையும் 2018-ல் முறைப்படி பரிந்துரைத்தார்கள். வீட்டு இணைப்புகளில் இந்த இரண்டும் பொதுவாகத் திறந்தே இருக்கும். ஆனால், நிறுவனம் தொடங்கிய சமயத்தில் யாரோ ஒருவர் 25 என்று போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அலுவலகத்தில் வேலை செய்ததால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

இனி, செய்ய வேண்டியவை. நேரம் நெருக்கும்போது பழுது பார்ப்பதில் இறங்கவே கூடாது. முதலில் மெயில் போக வேண்டும். குரோம் போன்ற பிரவுசரைத் திறந்து, மெயில் சேவையின் இணையதளத்துக்குள் நேரடியாக நுழைந்து அனுப்பிவிட வேண்டும். இணையதளங்களைப் பார்க்கிற அதே பாதையில் (443-ம் எண்) இது போவதால், யூடியூப் ஓடுகிற லைனில் இதுவும் ஓடும். நிறுவனத்தின் சொந்தப் பெயரில் உள்ள மெயிலுக்கும் இப்படி ‘வெப்மெயில்’ முகவரி ஒன்று இருக்கும். அதை இடம் விற்றவரிடம் இன்றே கேட்டு, வரவு செலவு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது. அனுப்பியதும் ‘சென்ட்’ பகுதியில் அந்த மெயில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வாங்குபவருக்கு ஒரு போன். ஐந்து மணிக் கெடு உள்ள விலைப்புள்ளிக்கு அந்த ஒரு போன் கட்டாயம் தேவை.

வெப்மெயிலில் போய்விட்டால், மெயில் கணக்கில் குறையில்லை என்று தெரிந்துவிடும். அடுத்து, செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பை அதில் இணைத்து, மென்பொருளிலிருந்து அனுப்பிப் பார்க்கலாம். போய்விட்டால் அடைப்பு வீட்டு இணைப்பில்தான். போகாவிட்டால், வீட்டு இணைப்பு குற்றமற்றது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். செல்போன் இணையத்திலும் 25-ஐப் பூட்டி வைத்திருக்கலாம்.

அதன்பிறகு மென்பொருளின் அமைப்புகளில் ‘அக்கவுன்ட் செட்டிங்ஸ்’ போய், ‘அவுட்கோயிங் சர்வர்’ என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 25 என்று இருந்தால் 587 என்று மாற்றி, பாதுகாப்பு முறையில் ‘ஸ்டார்ட் டி.எல்.எஸ்.’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் போகாவிட்டால் 465, அதற்குப் பாதுகாப்பு ‘எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ்.’. எண்ணை மாற்றிவிட்டுப் பாதுகாப்பு முறையை மாற்றாமல் விடுவதுதான் பலர் செய்யும் தவறு. இரண்டும் ஜோடி, சேர்த்தே மாற்ற வேண்டும். அனுப்பும் சர்வருக்கும் பாஸ்வேர்டு தேவை என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். பயனர் பெயர் என்று கேட்கும் இடத்தில் பெரும்பாலான சேவைகளுக்கு முழு மெயில் முகவரியையும் கொடுக்க வேண்டும்.

திரையில் வரும் பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடிவிடுவது, இலையைப் பார்க்காமல் மருந்து அடிப்பதற்குச் சமம். செய்தியில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 4-ல் தொடங்கினால் தற்காலிகச் சிக்கல், கொஞ்ச நேரம் கழித்துப் போகக்கூடும். 5-ல் தொடங்கினால் எத்தனை முறை அனுப்பினாலும் போகாது, எதையாவது மாற்றியே ஆக வேண்டும். 535 என்றால் பயனர் பெயர் அல்லது பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை. 552 என்றால் பெரும்பாலும் மெயிலின் அளவு மிஞ்சிவிட்டது அல்லது பெட்டி நிரம்பிவிட்டது. எண்ணே வராமல், வெகுநேரம் சுற்றிவிட்டு ‘டைம் அவுட்’ என்று வந்தால், மடை பூட்டியிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

535 வருகிறவர்களில் ஜிமெயில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான பாஸ்வேர்டை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் பழைய முறையை, சாதாரண கணக்குகளுக்கு 2022 மே மாத இறுதியில் கூகுள் நிறுத்திவிட்டது. பழைய மென்பொருளாக இருந்தால், இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 16 எழுத்துகள் கொண்ட ‘ஆப் பாஸ்வேர்டு’ ஒன்றை உருவாக்கி அதைத்தான் கொடுக்க வேண்டும். இலவசக் கணக்கின் 15 ஜி.பி. இடம் நிரம்பிவிட்டாலும் அனுப்புவது நின்றுவிடும். உறுப்பினர்களின் ஆதார், சிட்டா நகல்களையெல்லாம் கூகுள் டிரைவில் ஏற்றி வைத்திருக்கும் நிறுவனங்களில் இது எளிதில் நடக்கக்கூடியது. ஏனென்றால், மெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான் அந்த 15 ஜி.பி.

நகல்கள் என்றதும் இன்னொன்று. ஜிமெயிலில் இணைப்புக்கு உச்சவரம்பு 25 எம்.பி. ஆனால், மெயிலில் போகும்போது கோப்பு எழுத்து வடிவத்துக்கு மாற்றப்படுவதால், மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 20 எம்.பி. கோப்பு சுமார் 27 எம்.பி. ஆகிவிடுகிறது. எனவே 18 எம்.பி.க்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஃபைபர் வராத ஊர்களில், செம்புக் கம்பி வழி பிராட்பேண்டில் இறக்கும் வேகம் நன்றாக இருக்கும், ஏற்றும் வேகம் 1 எம்.பி.பி.எஸ். அளவில்தான் இருக்கும். அதில் 27 எம்.பி. போய்ச்சேர நாலு நிமிடம் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. பில்களையும் சான்றிதழ்களையும் கலரில் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யத் தேவையே இல்லை. கறுப்பு வெள்ளையில் 200 டி.பி.ஐ. போதும், எழுத்து தெளிவாகத் தெரியும்.

மின்வெட்டு அடிக்கடி உள்ள இடங்களில், பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் கணினியின் தேதியையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று சொல்லி மெயில் சர்வர் இணைப்பே கிடைக்காமல் போகும். புது பேட்டரிக்குச் செலவு அதிகமில்லை.

இவ்வளவுக்கும் பிறகு சரியாகவில்லை என்றால் இணையச் சேவை நிறுவனத்தைக் கூப்பிடலாம். ஆனால், கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணுக்கு அல்ல, மாதாந்திர பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு. கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியைப் போடச் சொன்னாலோ, ஓ.டி.பி. கேட்டாலோ உடனே போனை வைத்துவிட வேண்டும். உழவர் நிறுவனத்தின் லேப்டாப்பில் பங்குத்தொகைக் கணக்கும் வங்கிக் கணக்கும் சேர்ந்தே இருக்கின்றன. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

*

அரியலூர் மாவட்டம், ஜெயங்கொண்டத்திலிருந்து முந்திரிப் பருப்பு வியாபாரம் செய்யும் வாசகரின் சிக்கல் இதற்கு அடுத்த கட்டம். அவருக்கும் வீட்டு இணைப்பில் மெயில் போகாமல் இருந்திருக்கிறது. தெரிந்த பையன் ஒருவர் வந்து ஏதோ மாற்றிக்கொடுத்த பிறகு மெயில் போகிறது. ‘சென்ட்’ பகுதியிலும் இருக்கிறது. ஆனால், வாங்குபவர்கள் பில் வரவில்லை என்கிறார்கள். சிலர் ‘ஸ்பேம்’ பகுதியில் தேடி எடுத்திருக்கிறார்கள்.

கடிதத்தோடு அவர் அனுப்பியிருக்கும் திரைப் படத்தைப் பார்த்தால் விஷயம் புரிகிறது. போர்ட் எண்ணை மாற்றாமல், அனுப்பும் சர்வரையே மாற்றி, வீட்டு இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் சர்வர் பெயரைப் போட்டிருக்கிறார்கள். பூட்டு அந்த நிறுவனத்தினுடையது என்பதால், அவர்களுடைய சர்வருக்குத் திறந்துவிடுகிறது. ஆனால், வாசகரின் மெயில் முகவரி அவருடைய வியாபாரப் பெயரில் உள்ளது. அந்தப் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். அதற்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். அந்தப் பட்டியலில் இல்லாத சர்வரிலிருந்து பில் வந்தால், வாங்குபவரின் மெயில் சேவை அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிற எல்லோருமே எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். என்ற கையொப்ப முறை, இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கேட்கிறது.

அனுப்பும் சர்வரைப் பழையபடி தன் சொந்த மெயில் சேவையின் சர்வராகவே மாற்றிவிட்டு, மேலே சொன்ன 587-ஐப் போட்டாலே பாதிச் சிக்கல் தீரும். மீதிக்கு, பெயரை விற்ற நிறுவனத்தின் பக்கத்தில் நுழைந்து, எஸ்.பி.எஃப். வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்ன எழுத வேண்டும் என்பதை மெயில் சேவைக்காரரே கொடுப்பார். அந்த வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பழையதை அழிக்காமல் புதியதைச் சேர்த்து இரண்டாக வைத்தால் இரண்டுமே செல்லாது. மாற்றிய பிறகு எல்லா இடத்திலும் தெரிய ஒரு நாள்வரை ஆகலாம். அதுவரை முக்கியமான பில்களை வாட்ஸ்அப்பிலும் ஒரு நகல் அனுப்பிவிடலாம்.