சாவியைக் கொடுக்கும் முன்

மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடவும் சித்திரையில் வீரபாண்டித் திருவிழா பார்க்கவும் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் ராசிங்காபுரத்துக்கு வருகிறார்கள். வந்த கையோடு போடிமெட்டு ஏறி மூணாறு போய்வர ஆசைப்படுவார்கள். சித்தப்பாவும் கார் சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவார். அத்தனை வருடம் வெளிநாட்டில் ஓட்டியவனிடம் லைசென்ஸ் எங்கே என்று கேட்க யாருக்கும் மனம் வராது. ஆனால் கேட்டே ஆக வேண்டும்.

துபாய் லைசென்ஸை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்தியச் சாலையில் ஓட்ட முடியாது. இங்கே எடுத்த லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே லைசென்ஸ் கொடுத்த நாட்டிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வந்திருக்க வேண்டும். பலருக்குச் சிக்கல் வருவது பழைய இந்திய லைசென்ஸில்தான். ஊரை விட்டுப் போகும் முன் எடுத்தது, பீரோவில் பத்திரமாக இருக்கிறது, தேதியை யாரும் பார்ப்பதில்லை. காலாவதியான பிறகு 30 நாள் செல்லும் என்ற பழைய சலுகையை 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் எடுத்துவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டால் மறுபடி ஓட்டிக்காட்டித் தேற வேண்டும்.

இன்சூரன்ஸ் இங்கேதான் வந்து சேர்கிறது. நம் ஊர்ப் பாலிசி வண்டிக்கு உரியது. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பொருந்தும். ‘செல்லுபடியாகும்’ என்ற அந்த நிபந்தனை தவறினால், ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருந்தாலும் சொந்தக் காரின் சேதத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம். எதிரே வந்தவருக்கு அடிபட்டால்? ஸ்வரண் சிங் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு, பிறகு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். அதாவது சித்தப்பாவிடம். அதே தீர்ப்பு உரிமையாளருக்கு ஒரு காப்பும் தருகிறது: லைசென்ஸ் விஷயத்தில் அவர் உரிய கவனம் எடுக்கவில்லை என்பதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். ஆகவே லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே அவருக்குப் பாதுகாப்பு. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவரிடம் பார்க்காமல் கொடுத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 180-ஆம் பிரிவும் அவர் மேல்தான் பாயும்: 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாலிசியில் 15 லட்சம் விபத்துக் காப்பீடு என்று இருப்பது உரிமையாளர் தானே ஓட்டும்போது அவருக்குக் கிடைப்பது. ஓட்டிப்போன அண்ணன் மகனுக்கு அல்ல. வெறும் தேர்டு பார்ட்டி மட்டும் போட்ட காரென்றால் உள்ளே உட்கார்ந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அந்தப் பாலிசி பொறுப்பேற்காது. ஆள் நிறைந்த காரில் 17 கொண்டை ஊசி வளைவு ஏறப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு ஏற வேண்டும். வளைகுடாவில் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கைக்கும், கியர் இல்லாத வண்டியிலேயே பழகிய காலுக்கும் மெட்டு இறக்கம் புதிது. முதல் நாளே மலைக்கு விடாமல் தேவாரம் ரோட்டில் கொஞ்சம் ஓட்டவிட்டுப் பார்ப்பது நல்லது.

இங்கிருந்து பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் பெற்றோர் தங்கள் லைசென்ஸ் பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டிச் சர்வதேச அனுமதி வாங்கலாம். 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி தரப்படும் இது ஒரு வருடம் செல்லும். சீனா இதை ஏற்பதில்லை. பிரிட்டனில் இந்திய லைசென்ஸோடு 12 மாதம் வரை ஓட்டலாம். ஆனால் அங்கே பாலிசி பெரும்பாலும் பெயர் குறித்த ஓட்டுநருக்குத்தான். மகன் தன் பாலிசியில் அப்பாவின் பெயரைச் சேர்க்கவில்லை என்றால், அப்பா ஓட்டுவது இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவதாகும். 300 பவுண்டு அபராதம் விழும், போலீஸ் வண்டியையும் பறிமுதல் செய்யலாம். நம் ஊர் வழக்கத்தை அங்கே பொருத்திப் பார்ப்பதால் வரும் வினை இது.

திருவிழாவுக்குப் பிள்ளைகள் கிளம்பும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள்: இந்திய லைசென்ஸில் என்ன தேதி போட்டிருக்கிறது, அது முடிந்திருந்தால் அங்கே சர்வதேச அனுமதி வாங்கிவிட்டாயா என்று. இரண்டும் இல்லை என்றால் மூணாறுக்கு ஒரு டிரைவரைப் பேசிக்கொள்ளுங்கள்.