கேள்விக்குறிகளாகும் பெயர்கள்

ஒரு கணினியில் செவ்வனே பதிவான தமிழ்ப் பெயர், வலைப்பின்னலின் வழியாக வேறொரு நிரலைச் சென்றடைந்ததும் வெறும் கேள்விக்குறிகளின் வரிசையாகிவிடுவதை விண்ணப்பங்களிலும் ரசீதுகளிலும் கண்டு மனம் நொந்தவர்கள் பலர். அதைத் தமிழுக்கே உரிய சங்கடம் என்று சொல்லிச் சமாதானமடைவது அநியாயம் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

கம்பியின் வழியே செல்வன எழுத்துகள் அல்ல, 0 முதல் 255 வரையிலான எண்களாகிய பைட்டுகளே. எந்த எண்வரிசை எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதில் அனுப்பும் நிரலும் பெறும் நிரலும் உடன்படாவிடில், இரண்டும் தத்தம் அளவில் பிழையின்றி இயங்கியும் செய்தி பாழாகும். யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்பது 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகள். அவற்றை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கென வகுத்த லத்தீன்-1 முறையில் வாசிக்கும் நிரல், ஒவ்வொன்றையும் தனியெழுத்தாகக் கொண்டு, தலைமேல் சாய்கோடிட்ட ரோமன் எழுத்தையும் வட்டத்துள் அடங்கிய வணிகப் பதிவுச் சின்னத்தையும் திரையில் காட்டும். தமிழெழுத்துகள் யாவும் 224இல் தொடங்கி 174 அல்லது 175ஐத் தொடர்வதால் இந்த விசித்திர உருக்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றைக் கண்ட மாத்திரத்தில், தகவல் அநேகமாக அழியவில்லை, வாசித்த முறைதான் பிசகியது என்று ஊகிக்கலாம். வெறும் கட்டங்கள் தோன்றினால் பெரும்பாலும் எழுத்துரு இல்லை என்றே பொருள். கேள்விக்குறியின் விஷயமோ வேறு: இடையிலுள்ள ஏதோ ஒரு நிரல், தன் குறுகிய எழுத்துத் தொகுதியில் தமிழுக்கு இடமின்மையால், மூல எண்களை எறிந்துவிட்டு அவ்விடத்தில் 63ஐ எழுதிவிட்டது. மூலப் பிரதியிலிருந்து மறுபடி அனுப்பினாலொழிய அப்பெயருக்கு மீட்சியில்லை.

ஆதலால் சோதிப்பவர் திரையைப் பிரமாணமாகக் கொள்ளலாகாது. திரையும் தன் முறைப்படி எண்களை வாசித்துக் காட்டுவதுதானே! அனுப்புமுன், கம்பியில் செல்கையில், பெற்றவுடன், தரவுத்தளத்தில் பதிந்தபின் என ஒவ்வோர் எல்லையிலும் பைட்டுகளையே நேராகப் பார்த்துவந்தால், அவை எந்த இடத்தில் உருமாறினவோ அங்கேதான் குற்றம். ஜாவா மொழியில், எழுத்தைப் பைட்டாக்கும்போது முறையைக் குறிப்பிடாவிட்டால், நெடுங்காலம் அந்தந்தக் கணினியின் இயல்பு முறையே பிரயோகமாயிற்று. 2022இல் வெளிவந்த 18ஆம் பதிப்பில்தான் யூடிஎஃப்-8 பொது இயல்பாயிற்று. எழுதியவர் மேஜையில் சரியாக ஓடிய நிரல் சர்வரில் தடுமாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீளக் கணக்கிலும் விபரீதம் உண்டு. ‘தமிழ்’ இலக்கணத்துக்கு மூன்றெழுத்து, யூனிகோடுக்கு ஐந்து குறியீடுகள், கம்பிக்கு 15 பைட்டுகள். ஐந்து என்று அறிவித்து அனுப்பினால், பெறுபவர் முதலெழுத்தையும் அடுத்ததன் இரு துண்டுகளையும் மட்டுமே வாசிப்பார். டிசிபி பாதையில் வரும் பைட்டுகள் எழுத்தின் நடுவிலும் பிரிந்து வரலாமாகையால், மிச்சத்தைக் காத்திருந்து சேர்க்காமல் துண்டுதுண்டாக எழுத்தாக்குவதும் அதே கேட்டை விளைவிக்கும்.

யூடிஎஃப்-8 உருவானது 1992இல். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். வெவ்வேறு அமைப்புகளிடையே செல்லும் ஜேசான் தகவல் யூடிஎஃப்-8இலேயே இருக்க வேண்டுமென இணைய விதி வகுக்கப்பட்டது 2017இல். இத்தனைக்குப் பிறகும், ரோமன் எழுத்துப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்த மென்பொருளைப் பொதுமக்கள் பணத்தில் வாங்குவது எவ்வாறு நியாயமாகும்? கௌசல்யா, கோவிந்தன் முதலிய பெயர்களை எல்லா எல்லைகளையும் கடக்கச் செய்து, புறப்பட்டதையும் சேர்ந்ததையும் பைட்டு பைட்டாக ஒப்பிட்டு, ஒன்றேனும் பிசகியிருந்தால் இறுதித் தவணையை நிறுத்திவைக்கும் ஷரத்து ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் இடம்பெற வேண்டும்.