முகாமும் மழையும்

பள்ளி முகாம் என்றதும் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கின்றனர்; பெற்றோரோ தயங்குகின்றனர். தயக்கத்திற்குக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் காலியில் நள்ளிரவு கடந்த வேளையில் மண் சரிந்து, முகாமிட்டு உறங்கியோருள் 31 பேர் மாண்டனர். சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். அன்று முதல், “முகாமே வேண்டாம்” என்போரை நாம் அடிக்கடி காண்கிறோம்.

இக்கருத்து எமக்கு உடன்பாடன்று. 2007ஆம் ஆண்டில் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ராயல் பெலும் காடும், தாப்பாவை அடுத்த கோலா வோ ஆறும் நம் பேராக் மாநிலத்திலேயே உள்ளன. இவற்றை நம் பிள்ளைகள் படத்தில் மட்டுமா காண்பது? அமெரிக்காவில் வீடு போன்ற வண்டியிலேயே சென்று பூங்காக்களில் தங்குகின்றனர். வானம் இருண்டால் அவர்கள் வண்டியைக் கிளப்பி வேறிடம் செல்லலாம். நமக்கோ கூடாரம், அதைப் பிரித்துப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல நேரம் வேண்டும். ஆகவே நாம் அவர்களினும் முந்தி முடிவெடுத்தாக வேண்டும்.

முடிவை மாற்றிக்கொள்வது நமக்குப் புதிதா? விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற நம் பாட்டனும் பாட்டியும், இரவு மழையில் மரப்பட்டை நனைந்திருந்தால் கத்தியை எடுத்ததில்லை. ஈரப்பட்டையில் வெட்டினால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். மங்கிலும் மழைநீர் கலக்கும். பட்டை காயும்வரை காத்திருந்தனர். கூலி குறையும் என்று அறிந்தும் மழையோடு அவர்கள் பிடிவாதம் பிடித்ததில்லை.

ஆறு இன்னும் கடுமையானது. முகாமிட்ட இடத்தில் வெயில் காயும்; மேலே மலையில் பெய்த மழை பெருவெள்ளமாக இறங்கிவிடும். மலாய்க்காரர் இதனைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், இலையும் குச்சியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் பெருகினாலும், உடனே மேட்டில் ஏறிவிட வேண்டும். செருப்பைக்கூடத் தேடலாகாது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், கம்பாரை அடுத்த போஸ் டிப்பாங்கில் சேறும் மரங்களும் புரண்டு வந்து 44 உயிர்களைக் கொண்டு சென்றதை நம் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆயினும் ஆசிரியர் ஒருவர் கருமேகம் கண்டு முகாமைப் பாதியில் முடித்தால், “கட்டிய பணம் வீணாயிற்றே” என்று முணுமுணுப்போர் நம்மிடையே உளர். பிள்ளைகளின் ஏமாற்றம் இயல்பு. பெரியவர்களின் முணுமுணுப்போ ஏற்கத்தக்கதன்று. அப்பேச்சுக்கு அஞ்சியே அடுத்த முறை ஓர் ஆசிரியர் ஒரு மணி நேரம் தாமதிக்கக்கூடும்.

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை நம் பகுதிக்கு வழக்கமானது. எனவே, முகாமுக்கு ஒப்புதல் கேட்டு வீட்டிற்கு வரும் கடிதத்தில் இரண்டு செய்திகள் இடம்பெற வேண்டும் என்பது எம் வேண்டுகோள்: மழை வந்தால் பிள்ளைகள் எந்த மண்டபத்திற்கு மாற்றப்படுவர், அம்முடிவை எடுப்பவர் யார். பெற்றோர் அதனைப் படித்த பின்னரே கையொப்பமிடுவார்களாக.