உங்க பேஸ்மென்ட்டில் மூழ்கின கார் எங்க ஊரில் நிக்குது

மஞ்சளும் மாடும் எழுதற ஆள் இன்னிக்குக் காரைப் பத்தி எழுத வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. இதுவும் இப்ப கிராமத்து விஷயம்தான். நாலஞ்சு வருஷமா எங்க சுத்துவட்டாரத்தில் பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஆடின்னு வந்து இறங்கிட்டே இருக்கு. ஓட்டு வீட்டு வாசலில் ஒண்ணு, தென்னை ஓலைச் சாளையில் ஒண்ணு, கட்டுத்தரைக்குப் பக்கத்தில் ஒண்ணு. புது ஸ்விஃப்ட் வாங்கற காசுக்கு ஜெர்மன் கார்! கேட்டா, "எஞ்சின் மாத்தியாச்சுங்க, இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்லை"ம்பாங்க. அந்த ஒரு வார்த்தையை வெச்சு நடக்கிற ஏமாத்து வேலையைத்தான் இன்னிக்குத் திட்டப் போறேன். திட்டில் வியாபாரிக்குப் பெரும்பங்கு. மிச்சம் கொஞ்சம் நகரத்தில் இருக்கிற உங்களுக்கும் இருக்கு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். மாத்தின எஞ்சின் மேல எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. விவசாயிக்கு அந்த வெறுப்பு கட்டுபடியும் ஆகாது. எங்க பக்கம் ஓடற டிராக்டர்ல லைனர் பிஸ்டன் செட் மாத்தாத, கிராங்க் கிரைண்டிங் பண்ணாத பழைய வண்டியைத் தேடித்தான் பாக்கணும். எங்க ஊரில் ஒருத்தர் கவுந்துபோன டிராக்டரோட எஞ்சினைத் தன் வண்டியில் ஏத்திப் பன்னெண்டு வருஷமா உழுதுட்டு இருக்கார். அது எந்த ஊர் டிராக்டர், கழட்டினது யாரு, லேத் வேலை எங்கே நடந்துதுன்னு டீக்கடையில் கேட்டாலே சொல்லுவாங்க. அந்த எஞ்சினுக்கு ஒரு பூர்வீகம் இருக்கு. தப்புன்னா போய்க் கேக்க ஒரு வாசல் இருக்கு.

சொகுசுக் காருக்கு எஞ்சின் ஏன் மாத்த வேண்டி வருது? சும்மா யாரும் மாத்தறதில்லை. சில எஞ்சின்களுக்குப் பிறவிக் கோளாறே உண்டு. பி.எம்.டபிள்யூ.வோட என்47 டீசல் எஞ்சினில், அதுவும் 2007க்கு அப்புறம் வந்த முதல் சில வருஷத்து வண்டிகளில், டைமிங் செயின் தேய்ஞ்சு அறுந்துபோறது உலகம் முழுக்கத் தெரிஞ்ச கதை. அந்தச் செயினை எஞ்சினுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் பக்கம் வெச்சிருக்காங்க. முழுசா அதை மாத்தணும்னா பெரும்பாலும் எஞ்சினையே கீழே இறக்கணும். செயின் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும், அதோட எஞ்சின் கதை முடிஞ்சுது. அடுத்தது, ரெண்டாவது மூணாவது கை மாறினவங்க ஆயில் மாத்தாம ஓட்டறது.

மூணாவது காரணம் தண்ணி. என் கோபம் பூராவும் இதில்தான்.

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் இருக்கும். வேளச்சேரியிலும் பள்ளிக்கரணைப் பக்கமும் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்களில் தண்ணி நின்ன படங்களை நாங்க டி.வி.யில் பாத்தோம். காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. காத்து போற வழியில் சிலிண்டருக்குள் தண்ணி புகுந்த வண்டியை யாராவது ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா, மேலே வர்ற பிஸ்டனுக்குப் போக இடமில்லாம கனெக்டிங் ராடு வளைஞ்சுடும், இல்லேன்னா ஒடிஞ்சு பிளாக்கைக் குத்திட்டு வெளியே வரும். ரிப்பேர் செலவு வண்டியோட இன்சூரன்ஸ் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினா 'டோட்டல் லாஸ்'னு முடிச்சுடுவாங்க. உங்களுக்குப் பணம் வந்துடும். நீங்க நல்லபடியா அடுத்த கார் வாங்கிடுவீங்க.

அந்த மூழ்கின கார் எங்கே போச்சுன்னு எத்தனை பேர் கேட்டிருக்கீங்க?

ஏலத்துக்குப் போகுது. எடுக்கிறவங்க எல்லாரும் உடைச்சு இரும்புக்குப் போடறதில்லை. புதுப்பேட்டையிலோ டில்லி மாயாபுரியிலோ ஒரு பழைய எஞ்சினை வாங்கி ஏத்தறாங்க. டில்லியில் பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டிக்குத் தடைன்னு 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018ல் உச்ச நீதிமன்றமும் உறுதி பண்ணுச்சு. அங்கே வயசான டீசல் காருக்கும் எஞ்சினுக்கும் பஞ்சமில்லை. சீட்டைக் கழட்டிக் காயவெச்சு, ஷாம்பு போட்டு, பாலிஷ் அடிச்சா வண்டி மணமேடை மாப்பிள்ளை மாதிரி நிக்கும். சென்னையில் அதை விக்க முடியாது, அங்கே வாங்கறவன் "வெள்ளத்தில் நின்னதா?"ன்னு முதல் கேள்வியே கேப்பான். அதனால மேற்கே, தெற்கே அனுப்பறாங்க. தாராபுரத்திலும் கோபியிலும் அந்தக் கேள்வி யாருக்கும் தோணாது. எங்களுக்கு வெள்ளம்னா வாய்க்கால் உடையறது, அவ்வளவுதான்.

எஞ்சின் மாத்தினதாலேயே வண்டி புதுசாயிடும்னு நினைக்கிறது டிராக்டர் புத்தி. டிராக்டர்ல எஞ்சின்தான் பாதி வண்டி. ஜெர்மன் காரில் அப்படி இல்லை. பல வண்டிகளில் பேட்டரியே டிக்கிக்குள் இருக்கு, கம்ப்யூட்டர் பெட்டிகள் சீட்டுக்கும் கார்பெட்டுக்கும் அடியில் இருக்கு. தண்ணி வந்தா முதல்ல நனையறது அதுதான். அந்த ஒயரிங்கில் பச்சை பூக்கறதுக்கு ஆறு மாசம் ஆகும், ஒரு வருஷமும் ஆகும். ஏத்தின டீசல் எஞ்சினோட ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு கோட் நம்பர் உண்டு, அதையும் வண்டிக் கம்ப்யூட்டரில் ஏத்தணும். அவசர வேலையில் அதையெல்லாம் யார் பாக்கறா? இன்னொரு கணக்கையும் சேத்துக்குங்க. ஐம்பது லட்சத்துக் கார் ஏழு லட்சத்துக்கு இறங்கும். அதோட கியர்பாக்ஸும் ஏர் சஸ்பென்ஷனும் ஐம்பது லட்சத்துக் காரோட விலையிலேயே நிக்கும்.

எங்க பங்காளி பையன் ஒருத்தன் 2024ல் இப்படி ஒரு கார் வாங்கினான். 6 லட்சத்து 80 ஆயிரம். மஞ்சள் விலை நல்லா இருந்த வருஷம், அதில் வந்த காசு கொஞ்சம், சொசைட்டியில் அவங்கம்மா நகையை வெச்சுக் கொஞ்சம். "எதுக்கு அவனுக்கு இந்த ஜம்பம்?"னு நீங்க கேக்கலாம். எங்க பக்கம் விவசாயம் பாக்கற பையனுக்குப் பொண்ணு கிடைக்கிறது எவ்வளவு பாடுன்னு நான் முன்னாடியே எழுதியிருக்கேன். முப்பத்திரண்டு வயசு, நாலு ஏக்கர் தண்ணிக் காடு, நல்ல குணம். பொண்ணு வீட்டுக்காரங்க முதல்ல கேக்கறது "என்ன வண்டி வெச்சிருக்காப்ல?" அவன் கார் வாங்கினது ஓட்டறதுக்கு இல்லைங்க, ஒரு வாசலில் கொண்டுபோய் நிறுத்தறதுக்கு. இதைச் சிரிக்காம படிங்க.

அஞ்சாவது மாசம் ஏர்பேக் விளக்கு எரிஞ்சுது. அப்புறம் கியர் ஒரே இடத்தில் மாட்டிக்கிச்சு. கோயமுத்தூருக்கு லாரியில் ஏத்திட்டுப் போனான். அங்கே ஒரு மெக்கானிக் முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துக் காட்டினார். கடைசி ஒரு அடியில் காஞ்ச சேத்துக் கோடு. ஸ்டெப்னிக் குழியிலும் வண்டல். பிறகு அவர் எஞ்சின் நம்பரைப் பாத்து ஆர்.சி.யை வாங்கிப் பாத்திருக்கார். ரெண்டும் வேற வேற.

1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தெளிவாச் சொல்லுது: அனுமதி வாங்காம எஞ்சின் மாத்தியிருந்தா உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவிக்கணும், ஆர்.சி.யையும் கொடுத்துப் பதிவு பண்ணணும். இதை யாரும் பண்ணலை. இப்ப இவன் போய் நின்னா, எஞ்சின் வாங்கின பில் எங்கேன்னு கேக்கறாங்க. வித்த ஆள் கொடுத்தது "உள்ளது உள்ளபடி"ன்னு எழுதின ஒரு பேப்பர் மட்டும். பில் இல்லாத எஞ்சின் யாரோட எஞ்சின்? நாளைக்கு அது திருட்டு வண்டியோடதுன்னா போலீஸ் வர்றது அந்த வியாபாரி வீட்டுக்கு இல்லை. ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ் சர்வேயர் முதல்ல பாக்கறதும் இந்த நம்பரைத்தான்.

போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில் சென்னைச் சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். "வாங்கறவன்தான் மாமா பாத்து வாங்கணும், வித்தவனை எப்படிக் குத்தம் சொல்ல முடியும்?"னார். படிச்ச பையன். அவருக்கு அங்கே சொன்ன பதிலைத்தான் இங்கேயும் சொல்றேன்.

கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடிச்சு விலை பேசறதை நீங்க வீடியோவில் பாத்திருப்பீங்க. அங்கே அரிச்சந்திரன் எவனும் இல்லை. கறவை மாட்டை ஒருவேளை கறக்காம விட்டு மடி பெருசாக் காட்டுவான், சுழியை மறைப்பான். ஆனா பல்லைப் பிடிச்சுப் பாக்க விடமாட்டேன்னு எவனும் சொல்லமுடியாது. கறந்து பாக்கறேன்னா செம்பை நீட்டித்தான் ஆகணும். பாக்கற அறிவை எங்க அப்பன் பாட்டன் எங்களுக்குக் கொடுத்திருக்காங்க, அதனால அங்கே "பாத்து வாங்கு"ங்கிறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. கார்பெட்டுக்கு அடியில் இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டியை மஞ்சக்காட்டுக்காரன் எப்படிங்க பாப்பான்? தெரிஞ்ச ஒருத்தன் தெரியாத ஒருத்தன்கிட்ட வாயை மூடிட்டுக் காசு வாங்கறதுக்கு வியாபாரம்னு பேர் இல்லை.

அமெரிக்காவில் வெள்ளத்தில் போன வண்டிக்கு உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை குத்தற வழக்கம் பல மாநிலங்களில் உண்டு. கடைசி வரைக்கும் அந்த முத்திரை வண்டியோடவே போகும். நம்ம ஆர்.சி.யில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. ஓனர் எத்தனையாவது ஆளுன்னு இருக்கு, வண்டி என்ன கலர்னு இருக்கு, தண்ணிக்குள் நின்னுச்சான்னு இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியும், ஏலத்தில் எடுத்தவனுக்குத் தெரியும். காசு கொடுக்கிறவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது. அந்த ஒரு கட்டத்தைப் போடச் சொல்லி ஏன் நீங்க யாரும் கேக்கறதில்லை? இட்லி விலைக்கெல்லாம் ட்விட்டரில் சண்டை போடறீங்களே.

அது வர்ற வரைக்கும் உங்க கையில் இருக்கிறதையாவது பண்ணுங்க. 29, 30ஆம் நம்பர் ஃபாரத்தில் வெறுங்கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு மறந்துடாதீங்க. பேர் மாறுச்சான்னு எம்பரிவாஹன்ல பாருங்க. பேர் மாறாத வண்டி ஒரு ஆளை அடிச்சா, ஆர்.சி.யில் யார் பேரோ அவர்தான் பொறுப்புன்னு நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கில் 2018லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. எங்களுக்காக வேண்டாம், உங்களுக்காகவாவது. சர்வே ரிப்போர்ட், பழைய பாலிசி எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வைங்க.

வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. எஞ்சின் மாத்தினதுன்னு சொன்னா பில்லைக் கேளுங்க, ஆர்.சி.யில் ஏறின நம்பரைக் கேளுங்க, போன ரெண்டு வருஷத்துப் பாலிசியைக் கேளுங்க. அதில் நோ க்ளெய்ம் போனஸ் திடீர்னு பூஜ்யம் ஆகியிருந்தா ஏன்னு விசாரிங்க. மூணும் இருந்தா தாராளமா வாங்குங்க, மாத்தின எஞ்சின் நல்லாவே ஓடும்.

எங்க பையன் ஆர்.சி.யில் இருந்த பழைய பேரை வெச்சு முதல் ஓனரைத் தேடிப் பிடிச்சுட்டான். பேங்கில் ரிட்டயர் ஆனவர். "அய்யோ தம்பி, அதை உடைச்சிருப்பாங்கன்னுல்ல நினைச்சேன்"னு வருத்தப்பட்டார். மறுநாளே பாலிசியும் சர்வே ரிப்போர்ட்டும் ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டார். அதுதான் இப்ப கையில் இருக்கிற முதல் ஆதாரம். 2019ஆம் வருஷ நுகர்வோர் சட்டப்படி வாங்கினவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கேஸ் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள் போடணும். அஞ்சிலிருந்து பத்து லட்சத்துக்குள் கொடுத்து வாங்கின பொருளுக்கு 200 ரூபாய்தான் கட்டணம். கட்டிட்டான். அடுத்த மாசம் முதல் வாய்தா.